பிடித்த மீனை விடுவதற்கா காசு?

“ஏங்க, பிடிச்ச மீனை மறுபடியும் தண்ணியில விட்டுட்டு வர்றதுக்கா இவ்வளவு வெள்ளி கட்டினீங்க?”

என் மனைவி கேட்ட கேள்வி இது. சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள். அன்று வீட்டில் முருங்கைக்காய்க் குழம்பு. காலை ஏழு மணிக்குத் தூண்டிலோடு புறப்பட்ட மனிதன் பகல் இரண்டு மணிக்கு வெறுங்கையோடு திரும்பி வந்து, “நாலு கிலோ மீன் ஒண்ணு பிடிச்சேன்” என்று பெருமை பேசினால் எந்த மனைவிதான் கேட்க மாட்டாள்? வாசகர்களே, நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். அன்று அவளுக்குச் சரியான பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதில் எனக்குக் கிடைத்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டியவர்கள். இருபது வயதில் சிங்கப்பூருக்கு வந்தேன். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இப்போது ஓய்வாக இருக்கிறேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செங்காங்கில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம்.

செங்காங் உங்களில் பலருக்குத் தெரியாத இடமாக இருக்கலாம். சிங்கப்பூருக்கு வருகிற உறவினர்கள் தேக்காவைப் பார்ப்பார்கள், வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிடுவார்கள், சாமான் வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். தேக்காவில் வடகிழக்கு ரயிலில் ஏறி உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் செங்காங் வந்துவிடும். ‘செழிப்பான துறைமுகம்’ என்று அந்தச் சீனப் பெயருக்குப் பொருள். காரணம் இல்லாமல் வைத்த பெயர் அல்ல. இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் கங்கார் என்ற மீனவர் கிராமம் இருந்தது. படகுகள் வந்து ஒதுங்கும். மீன் மொத்தச் சந்தை நடக்கும். சுற்றிலும் ரப்பர் மரங்கள் இருந்தன, பிறகு கோழிப் பண்ணைகளும் பன்றிப் பண்ணைகளும் வந்தன. 1980-களில் சந்தை போயிற்று. 1990-களில் அடுக்குமாடி வீடுகள் எழும்பின. ஆனால் பெயர்கள் போகவில்லை. எங்கள் வட்டார ரயில் நிலையங்களைக் கேளுங்கள்: லாயார் என்றால் படகின் பாய், கூப்பாங் என்றால் சிப்பி, தோங்காங் என்றால் பாரம் ஏற்றும் படகு. கங்கார் என்றே ஒரு நிலையம் இருக்கிறது. மீன் வாசனை போன ஊரில் மீன்காரர்களின் சொற்கள் மட்டும் ரயிலேறிச் சுற்றிக்கொண்டிருக்கின்றன!

தண்ணீரும் மாறிவிட்டது. கடல் நீர் ஏறி இறங்கும் ஆறுகளாக இருந்த பொங்கோலையும் சிராங்கூனையும், முகத்துவாரத்தில் அணை கட்டி நன்னீர்த் தேக்கங்களாக ஆக்கிவிட்டார்கள். 2011-இல் அவை நாட்டின் 16-வது, 17-வது நீர்த்தேக்கங்கள் ஆயின. காலையில் அந்தக் கரையோரம் நடக்கும்போது மீன் துள்ளுவதைப் பார்ப்பேன். பார்த்தால் கை சும்மா இருக்குமா? தோட்டத்துப் பையனாக மண்புழு தோண்டிய கை அல்லவா!

ஆனால் சிங்கப்பூரில் நினைத்த இடத்தில் தூண்டில் போட்டுவிட முடியாது. நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டுமே பிடிக்கலாம். அங்கே அறிவிப்புப் பலகை இருக்கும். மற்ற இடத்தில் போட்டால் அபராதம். மண்புழு போன்ற உயிருள்ள இரையும் கூடாது. குடிக்கிற தண்ணீர் கெட்டுவிடும் என்பது காரணம். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து குடியேறிய மீன்கள். மயில் போலக் கண்புள்ளி வைத்த தென்னமெரிக்க மீன் ஒன்று உண்டு. திலாப்பியா நிறைய உண்டு. திலாப்பியாவை நாங்கள் தோட்டத்தில் ‘ஜப்பான் மீன்’ என்போம். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்த அந்த மீனை ஜப்பான்காரன் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்குக் கொண்டு வந்தார்கள். அரிசி இல்லாத நாளில் குட்டையில் வளர்த்துத் தின்னக் கொண்டு வந்த மீன் அது. நம்மைப் போலவே கடல் கடந்து வந்து, கிடைத்த தண்ணீரில் பிழைத்துக்கொண்டது.

நீர்த்தேக்கத்தில் சில மாதம் பழகிய பிறகு, பட்டறைக் காலத்து நண்பர் ஒருவர் என்னைக் கட்டணக் குளத்துக்கு அழைத்துப் போனார். மலேசியாவில் இருக்கிற உங்களுக்கு இது புதிதல்ல. ‘கோலாம் பஞ்சிங்’ என்று பலகை மாட்டிய குளங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. முதலாளி மீன் வாங்கிக் குளத்தில் விட்டு வளர்ப்பார். நாம் மணிக் கணக்குக்குப் பணம் கட்டிப் பிடிக்க வேண்டும். சில குளங்களில் பிடித்ததை எடுத்துப் போகலாம். சிலவற்றில் திரும்ப விட்டுவிட வேண்டும். நான் போனது இரண்டாவது வகை.

ஒரு நாள் எப்படிக் கழியும் என்று சொல்கிறேன், பிள்ளைகளை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு உதவும். விடியுமுன் ஓடிப்போய் உட்காருவதில் பயனில்லை. இரவெல்லாம் குளத்துப் பாசியும் மீனும் மூச்சு விட்டு, தண்ணீரில் உள்ள பிராணவாயு விடியற்காலையில்தான் மிகவும் குறைந்திருக்கும். மீன் அப்போது சோர்ந்து கிடக்கும். தண்ணீரைச் சிலுப்புகிற சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பது அதற்குத்தான். வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு மீன் இரை தேடும். உச்சி வெயிலில் அடியில் போய்விடும். மாலையில் மறுபடி மேலே வரும். ரொட்டியைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து நெல்லிக்காய் அளவு உருட்டி முள்ளில் வைப்பேன். தக்கை இலேசாக ஆடினால் அவசரப்படக் கூடாது. சிறு மீன் கொத்திப் பார்க்கிறது. தக்கை படுத்து நகர்ந்தாலோ ஒரேயடியாக அமிழ்ந்தாலோதான் இழுக்க வேண்டும். வானம் கறுத்து இடி கேட்டால் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட வேண்டும். இக்காலத்துத் தூண்டில் கழி கார்பனில் செய்தது. மின்சாரம் அதில் பாயும். எங்கள் காலத்து மூங்கில் கழி அல்ல அது.

முதல் நாள் பத்து மணி இருக்கும். தக்கை காணாமல் போயிற்று. ரீல் கிரீச்சிட்டது. கால் மணி நேரம் இழுத்தேன், விட்டேன், இழுத்தேன். கரைக்கு வந்தது பாக்கு என்ற மீன். நம் ஊர்ச் சந்தையில் நன்னீர் வாவல் என்று விற்பார்களே, அதுதான். வாயைத் திறந்தால் மனிதப் பல் மாதிரி பல்வரிசை. அமேசான் காட்டில், தண்ணீரில் விழுகிற பழத்தையும் கொட்டையையும் கடித்துத் தின்னும் இனம். நான்கு கிலோ இருந்தது. நண்பர் நனைத்த விரிப்பை விரித்தார். முள்ளைக் கழற்றினார். “கையை ஈரமாக்கிக்கிட்டுத் தூக்குங்க. காய்ந்த கை பட்டா அதன் மேல் இருக்கிற வழவழப்பு போயிடும், புண் வரும். நீங்க மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கிற நேரத்துக்குள்ள விட்டுடணும்” என்றார்.

தூக்கினேன். தண்ணீரின் மேல் பிடித்தேன். விடக் கை வரவில்லை.

ஏன் வரவில்லை என்று நண்பருக்குத் தெரியாது. அதற்கு நீங்கள் என்னோடு 1962-ஆம் ஆண்டுக்கு வர வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் எடுக்கிற குளம் ஒன்று இருந்தது. அதில் மீன் உண்டு. ஆனால் அது துரையின் குளம். மாலையில் வெள்ளைக்காரத் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் போடுவார். பொழுதுபோக்கு. அவர்கள் நாட்டில் அது பெரிய கலை. சால்மன், ட்ரவுட் இரண்டும் உயர்ந்த சாதி மீன். மற்ற ஆற்று மீன், குளத்து மீனெல்லாம் முரட்டு மீன் என்று அங்கே பிரித்து வைத்திருந்தார்கள். மீனிலும் சாதி! போகிற இடத்துக்கெல்லாம் அந்த ஆசையைக் கொண்டு போனார்கள். நுவரெலியாவிலும் நீலகிரியிலும் நம் மக்கள் கொழுந்து பறித்த மலைகளின் ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். நீலகிரி அவலாஞ்சியில் 1907-இல் அதற்கென்று குஞ்சு பொரிக்கும் பண்ணையே வைத்தார்கள். எங்கள் தோட்டத்துக் குளத்தில் ட்ரவுட் ஏது? விரால், கெளுத்தி, ஜப்பான் மீன்தான். ஆனாலும் லயத்து ஆள் அங்கே தூண்டில் போடக் கூடாது.

அம்மாவுக்கு அப்போது என் தங்கை பிறந்து ஐந்து நாள். பச்சை உடம்பு. விரால் மீன் குழம்பு வைத்துக் கொடுத்தால் உள் காயம் ஆறும் என்று பாட்டி சொன்னாள். நம்மவர் மட்டுமல்ல, மலாய்க்காரர்களும் சீனர்களும் அந்த மீனுக்கு அந்தக் குணத்தைச் சொல்கிறார்கள். மழைக் காலம், ஆறு பெருகிக் கலங்கி ஓடியது. ஆற்றில் பிடிக்க வழியில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் அப்பா மூங்கில் தூண்டிலை எடுத்தார். தகர டப்பாவைப் பிடித்துக்கொள்ள என்னை அழைத்துப் போனார். விளக்கு இல்லை. சின்னத் தவளையை முள்ளில் குத்திப் போட்டார். ஒரு மணி நேரத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால். டப்பாவுக்குள் அது அடித்த அடி இன்னும் என் கையில் இருக்கிறது.

திரும்பும்போது ஜாகா டார்ச் அடித்துவிட்டார். அப்பா கும்பிட்டார்; வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள் என்றார். ஜாகா யோசித்தார். பிறகு, “குளத்துலேயே விட்டுடு. இல்லைன்னா என் வேலை போயிடும்” என்றார். அப்பா டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக் குளத்தில் கவிழ்த்தார். அப்படியும் எப்படியோ செய்தி போய்விட்டது. மறுநாள் பிரட்டில் கிராணி அப்பாவின் பெயரைக் கூப்பிடவில்லை. மூன்று நாள் கூப்பிடவில்லை. மூன்று நாள் சம்பளம் இல்லை. அம்மா நெத்திலிக் கருவாட்டோடு சோறு தின்று எழுந்தாள். அந்த ஜாகா மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. அவரும் ஒரு சம்பளக்காரர்தான். ஆனால் அந்த இருட்டில் அப்பா டப்பாவைக் கவிழ்த்தபோது அவர் முகத்தை நான் பார்க்காமல் போனது நல்லது என்று மட்டும் நினைப்பேன்.

இப்போது சொல்லுங்கள், கையில் நான்கு கிலோ மீனை வைத்துக்கொண்டு நான் எப்படி விடுவேன்?

நண்பர் அவசரப்படுத்தினார். விட்டேன். மீன் வாலை ஒரு வீசு வீசிவிட்டு மறைந்தது. முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசனை. அப்பாவை விடச் சொன்னார்கள், விட்டார். என்னையும் விடச் சொல்கிறார்கள், காசும் வாங்கிக்கொண்டு! இதில் என்ன மாறியிருக்கிறது? அடுத்த மாதம் மறுபடி போனபோது அதற்குப் பாதி விடை கிடைத்தது. எனக்கு இடப்பக்கம் ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் ஒரு டாக்சி ஓட்டுநர். டாக்டர் பெரிய மீன் ஒன்றைப் பிடித்தார், விட்டார். டாக்சிக்காரர் பிடித்தார், விட்டார். பலகையில் எழுதியிருந்தது எல்லாருக்கும் ஒன்றுதான். துரைக்கு ஒரு விதி, லயத்துக்கு ஒரு விதி என்று அங்கே இல்லை. நான் கட்டுகிற வெள்ளி மீனுக்கு இல்லை. தண்ணீர்க் கரையில், யாரும் டார்ச் அடித்து எழுப்பாத ஒரு நாற்காலிக்கு என்று புரிந்தது.

இருந்தாலும் மனசாட்சி சும்மா விடவில்லை. தின்னாத மீனுக்கு முள் குத்தலாமா என்ற கேள்வி நியாயமானது. மீனுக்கு வலிக்காது என்று தூண்டில்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 2003-இல் எடின்பரோவில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் ட்ரவுட் மீனின் முகத்தில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். சுவிட்சர்லாந்தில், விட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு மீன் பிடிப்பதையே 2008-இல் வந்த விதி தடுத்துவிட்டது. பிடித்தால் தின்ன வேண்டும் என்கிறார்கள். இங்கிலாந்திலோ விடுவதுதான் நாகரிகம். ஒரு நாட்டில் குணம், இன்னொரு நாட்டில் குற்றம்! நான் நீதிபதி அல்ல. என்னால் முடிந்தது இவ்வளவுதான்: கொக்கி இல்லாத முள்தான் போடுகிறேன், அது சுலபமாகக் கழன்று வரும். மீனைத் தரையில் போடுவதில்லை. படம் எடுக்க நேரம் கடத்துவதில்லை. மாதம் ஒரு முறைக்கு மேல் போவதில்லை.

பாதி விடை கிடைத்தது என்றேன் அல்லவா? மீதியைக் கொடுத்தவர் ஒரு இளைஞர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குளத்து வேலிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுமான வேலைக்கு வந்த பிள்ளை என்று பார்த்தவுடன் தெரிந்தது. கூப்பிட்டேன்.

“எந்த ஊரு தம்பி?”

“சிவகங்கைப் பக்கம் ஐயா. நீங்க பிடிச்ச மீனை விடுறதைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். எங்க ஊருல கண்மாய் வத்தினதும் ஒரு நாள் குறிப்பாங்க. சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எல்லாரும் ஊத்தா, வலையோட வந்து நிப்பாங்க. பெரியவர் ஒருத்தர் துண்டை வீசினா அத்தனை பேரும் இறங்கிடுவாங்க. அன்னைக்கு எல்லா வீட்டுலயும் மீன் குழம்பு. யாரும் யாரையும் போகாதேன்னு சொல்ல மாட்டாங்க.”

கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தக் குளம் எல்லாருடைய குளம்! நேரம் முடிய அரை மணி இருந்தது. குளத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தூண்டிலை அவர் கையில் கொடுத்து நான் ஒதுங்கி உட்கார்ந்தேன். கை பழகிய பிள்ளை. பத்தே நிமிடத்தில் ஒரு பெரிய திலாப்பியாவை இழுத்துவிட்டார். நான் சொன்னபடி கையை நனைத்து, முள்ளைக் கழற்றி, ஒரு பார்வை பார்த்துவிட்டு, விட்டார். பிறகுதான் செல்பேசியில் அம்மாவைக் கூப்பிட்டுக் குளத்தைக் காட்டினார்.

“மீனு எங்கடா?” என்று அந்த அம்மா கேட்டது எனக்கும் கேட்டது.

“விட்டுட்டேன்மா.”

“ஏண்டா விட்டே?”

பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரே சொன்னார்: “நாளைக்கு வர்ற இன்னொருத்தருக்கும் கிடைக்கணும்ல?”

இத்தனை நாளாக நான் தேடிய பதில் இவ்வளவு சின்னதா! குறித்த இடங்களில் நீர்த்தேக்கத்தில் காசில்லாமலே மீன் பிடிக்கலாம் என்று அவருக்கு வழி சொல்லி, என் பழைய தூண்டில் ஒன்றையும் பிறகு கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அந்தப் பதிலை என் சொந்தப் பதில் போலவே சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். “அந்த இன்னொருத்தர் வரட்டும். நீங்க வரும்போது சந்தையில அரைக் கிலோ மீன் வாங்கிட்டு வந்தா போதும்” என்றாள். இப்போது அப்படித்தான் வாங்கி வருகிறேன். வீட்டில் சண்டை இல்லை.

ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் நான் தூண்டிலைத் தொடுவதில்லை. அன்று அம்மாவின் திதி. விடியற்காலையில் தேக்கா சந்தைக்குப் போய், முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைப் பொறுக்கி எடுப்பேன். அன்றைக்குத் தங்கை குளுவாங்கிலிருந்து வந்துவிடுவாள். ஐந்து நாள் குழந்தையாக இருந்தவள். இன்று அவளுக்கே பேரப் பிள்ளைகள். மஞ்சளும் மிளகும் அரைத்துப் பத்தியக் குழம்பாக அவள்தான் வைப்பாள். இலையில் முதலில் அம்மாவுக்குப் படைத்துவிட்டு, பிறகு நாங்கள் சாப்பிடுவோம்.

அந்த ஒரு மீனை மட்டும் நான் விடுவதில்லை.